அம்மா பார்க்கும் ஊழியரைச் சோதித்துப் பார்ப்பது பாவமா?

சகோதரி, "கள்ள உபதேசத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?" என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். கீழே எழுதியிருப்பதைப் படித்தால் கேள்வி வேறாகத் தெரிகிறது. அப்பா இறந்தபின் அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். ஓர் ஊழியரின் யூடியூப் நேரலையைக் காலையும் இரவும் பார்க்கிறார். குடும்ப ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் "விதைக் காணிக்கை" போகிறது, விதைத்தால் பலமடங்கு அறுக்கலாம் என்று சொல்லி வாங்கும் காணிக்கை. "உன் வியாதி நீங்கிற்று" என்று திரையில் கேட்டதைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். நீங்கள் வாய் திறந்தால் "அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே" என்று வசனம் வருகிறது. ஆகவே நீங்கள் கேட்பது இதுதான்: வேதாகமக் கல்லூரிக்குப் போகாத ஒரு சாதாரண விசுவாசி ஓர் ஊழியரின் போதனையைச் சோதிக்கலாமா, சோதித்தால் எதை வைத்து? கூடவே எழுதாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. அம்மா மனம் நோகாமல் இதை எப்படிப் பேசுவது?

நான் 30 ஆண்டுகளுக்கு மேல் புதிய ஏற்பாடும் கிரேக்கமும் கற்பித்தவன். அதற்கு நடுவே சில ஆண்டுகள் கிராமச் சபைகளில் ஆயராகவும் இருந்தேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன். அந்த ஊழியர் யாரென்று நீங்கள் எழுதவில்லை, அது நல்லது. நீங்கள் சொன்ன நாலு வரியை வைத்துக்கொண்டு அவர் கள்ளத் தீர்க்கதரிசியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. அவருடைய போதனையில் நீங்கள் குறிப்பிட்ட சில பகுதிகளைப் பற்றிச் சொல்ல முடியும்.

முதலில் மாத்திரை, ஏனென்றால் மற்றதெல்லாம் ஒரு மாதம் காத்திருக்கும், சர்க்கரை காத்திருக்காது. கர்த்தர் சுகமாக்குகிறார் என்று நம்புகிறவன்தான் நானும். ஆனால் சுகமான குஷ்டரோகியிடம் இயேசு சொன்ன முதல் வேலை, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்பது. லேவியராகமம் 14-ஐப் பாருங்கள், ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே வந்து உடம்பைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் "சுத்தம்" என்று அறிவிப்பான். சுகம் உண்மையானால் சோதனையில் நிற்கும் என்பதுதான் அங்கே இருக்கும் எண்ணம். அம்மாவிடம் "உங்களுக்கு விசுவாசம் இல்லை" என்று சொல்லாதீர்கள். "சாட்சி சொல்லுமுன் வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுவோம், அதுவரை மாத்திரை தொடரட்டும்" என்று சொல்லுங்கள். பவுல் தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்றுதான் எழுதினார் (1 தீமோ. 5:23). துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டு வந்தார் (2 தீமோ. 4:20). அந்த இருவருக்கும் விசுவாசம் குறைவு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்ற ஏசாயா 53-இன் வசனம் சரீர சுகத்தையும் குறிக்கிறதா என்பதில் நல்ல அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 1 பேதுரு 2:24 அதைப் பாவத்தோடு சேர்க்கிறது. மத்தேயு 8:17 அதே அதிகாரத்தின் இன்னொரு வரியை நோயாளிகளைச் சுகமாக்கினதோடு சேர்க்கிறது. மருந்தே வேண்டாம் என்று தலைமுறைகளாக நேர்மையோடு வாழும் விசுவாசிகளும் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களை நான் கள்ளர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் தங்கள் உடம்பைப் பணயம் வைக்கிறார்கள், முகம் தெரியாத விதவையின் உடம்பை அல்ல. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர் பார்க்கும் திரையில் நின்று "உன் வியாதி நீங்கிற்று" என்று சொல்கிறவருக்கு, மறுநாள் யார் மாத்திரையை நிறுத்தினார் என்று தெரியவே தெரியாது.

இனி அந்தத் "தொடாதே" வசனம். இதைச் சொல்லி வாயடைக்கப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது சங்கீதம் 105:15. முந்தின மூன்று வசனங்களைச் சேர்த்து வாசித்தால், ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் கொஞ்சம் பேராக, பரதேசிகளாக, தேசம் தேசமாகத் திரிந்த காலம் அது என்று தெரியும். அவர்களுக்குத் தீங்கு செய்ய வந்த ராஜாக்களிடம் தேவன் சொன்னது அது. பலவானிடமிருந்து எளியவனைக் காக்கச் சொன்ன வார்த்தை. இன்று மேடையில் நிற்கும் பலவான் அதை எடுத்து எளியவள் மீது திருப்புகிறான். அந்தச் சங்கீதம் நினைவூட்டும் சம்பவங்களில் ஒன்று ஆதியாகமம் 20-இல் இருக்கிறது, ஆபிரகாமுக்குத் "தீர்க்கதரிசி" என்ற பட்டம் முதன்முதல் கிடைக்கும் அதிகாரம். அங்கே என்ன நடக்கிறது? சாராளைத் தன் சகோதரி என்று சொல்லி ஆபிரகாம் ஏமாற்றினார். அபிமெலேக்கு அவரைக் கூப்பிட்டு, ஏன் இப்படிச் செய்தீர் என்று நேருக்கு நேர் கேட்கிறான். தீர்க்கதரிசி பதில் சொல்கிறார். கேட்டதற்காக அபிமெலேக்கு தண்டிக்கப்படவில்லை. கேள்வி கேட்பதும் "தொடுவதும்" ஒன்றல்ல என்பதற்கு அந்த வசனத்தின் பின்னணியே சாட்சி.

வேறு இடங்களுக்கும் போகலாம். அபிஷேகம்பெற்ற ராஜாவான தாவீதிடம் நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்றான். அந்தியோகியாவில் பேதுரு தவறினபோது பவுல் முகமுகமாய் எதிர்த்தார். பவுலே வந்து பிரசங்கித்தபோது பெரோயா ஊரார் காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். லூக்கா அவர்களைச் சந்தேகப் பிராணிகள் என்று எழுதவில்லை, தெசலோனிக்கேயரைவிட நற்குணசாலிகள் என்று எழுதினார். உங்கள் அம்மாவுக்குக் காட்ட வேண்டிய வசனம் ஒன்று உண்டென்றால் அது 1 யோவான் 2:20, "நீங்கள் பரிசுத்தராலே அபிஷேகம்பெற்று" என்று தொடங்குவது. சபையிலிருக்கும் எல்லாரையும் பார்த்து யோவான் அதைச் சொல்கிறார், அதுவும் வஞ்சிக்கிற போதகர்களைப் பற்றி எச்சரிக்கும் இடத்தில். அம்மாவும் அபிஷேகம்பெற்றவர்தான். அவரைத் தொடாதே என்று அந்த ஊழியரிடமும் சொல்லலாம்.

ஆக, சோதிக்கலாமா என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பது கட்டளை (1 தெச. 5:21). அதற்கு முந்தின வசனம் தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்கிறது. இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஏளனம் செய்துவிட்டு அதைப் பகுத்தறிதல் என்று நினைத்துக்கொள்ளும் படித்த கிறிஸ்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

எதை வைத்துச் சோதிப்பது? இதில்தான் நம் மக்கள் தடுமாறுகிறார்கள். கள்ள உபதேசம் என்றால் வேதத்தில் இல்லாததைச் சொல்வது என்று நினைக்கிறார்கள். "வேதத்தில் இருக்கிறதைத்தானே சொல்கிறார், வசன எண்ணோடு சொல்கிறாரே" என்பார்கள். கி.பி. 180 வாக்கில் லியோன் நகரத்தின் ஆயர் இரேனியுஸ் இதற்கு ஒரு உவமை சொன்னார். திறமையான கலைஞன் ஒருவன் ரத்தினக் கற்களைப் பதித்து ஒரு ராஜாவின் உருவம் செய்து வைத்திருக்கிறான். இன்னொருவன் வந்து அதே கற்களைப் பெயர்த்து நாயாகவோ நரியாகவோ அடுக்குகிறான், அதையும் விகாரமாக. பிறகு, "பாருங்கள், இவை அந்த ராஜாவின் கற்களே, ஆகவே இதுதான் ராஜா" என்கிறான். ராஜாவை முன்பின் பார்த்திராதவன் நம்பிவிடுவான். கற்கள் அசல், அடுக்குதான் பொய். என் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் இந்த உவமையோடுதான் தொடங்குவேன். நம் பிரசங்கிகள் விரும்பிச் சொல்லும் கள்ளநோட்டு உவமையைவிட இது மேல். வங்கிக் காசாளர் நல்ல நோட்டை மட்டும் தொட்டுப் பழகியே கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கிறார் என்று சொல்வார்கள் அல்லவா? என் சபையிலிருந்த ஒரு காசாளரிடம் அதைச் சொன்னபோது சிரித்தார். "ஐயா, எங்களுக்குக் கள்ளநோட்டையும் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பாங்க" என்றார். இரேனியுஸும் கள்ள உபதேசங்களை விவரித்தும் மறுத்தும் ஐந்து நூல்கள் எழுதினவர்தான்.

கற்கள் எப்படி இடம் மாறுகின்றன என்பதற்கு, அம்மா வீட்டுச் சுவரிலேயே ஒருவேளை ஓர் எடுத்துக்காட்டு தொங்கும். எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாக எத்தனை பேர் கைக்கு வந்திருக்கும்! இந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் ஆசாரியர்களுக்கும் சகல ஜனங்களுக்கும் முன்பாக எழும்பி, இரண்டு வருஷத்துக்குள்ளே எல்லாம் திரும்பிவரும் என்கிறான், கர்த்தர் சொல்லுகிறார் என்றே சொல்கிறான். எரேமியா முதலில் சொன்ன பதிலைக் கவனியுங்கள்: ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக. அவருக்கும் அந்தச் செய்தி பிடித்திருந்தது, நம்பத்தான் முடியவில்லை. அனனியா எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைக்கிறான், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. எரேமியா பேசாமல் தன் வழியே போய்விடுகிறார். பிறகு கர்த்தருடைய வார்த்தை கிடைத்தபின்தான் வந்து, நீ இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படிச் செய்தாய் என்கிறார். இரண்டு மாதத்தில் அனனியா இறந்துபோகிறான்.

அதன்பின் வருவது அந்தக் கடிதம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கும் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள், ஏனென்றால் எழுபது வருஷம் ஆகும். எட்டாம் வசனம், உங்கள் நடுவிலிருக்கிற தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க விடாதேயுங்கள் என்கிறது. பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம். பதினொன்றாம் வசனம்தான் நம் அட்டை. அதாவது சீக்கிரம் விடியும் என்று சொன்ன போதகர்களை மறுத்து, உங்களில் பலர் இங்கேயே சாவீர்கள், ஆனாலும் நான் உங்களைக் கைவிடவில்லை என்று சொல்லும் வசனம். அதைப் பெயர்த்தெடுத்து "இந்த மாதமே உனக்கு விடியும்" என்று அடுக்கினால், எரேமியாவின் கற்களால் அனனியாவின் உருவத்தைச் செய்ததாகிவிடும். இதில் என் போன்ற ஆயர்களுக்கும் பங்கு உண்டு. டப்பாவிலிருந்து ஒரு வசனம் எடுக்கச் சொல்லிப் பழக்கிவிட்டு, விசுவாசிகள் அதிகாரம் முழுதும் வாசிப்பதில்லை என்று பிறகு நாங்களே குறைப்படுகிறோம்.

விதைக் காணிக்கையும் இப்படிப் பெயர்த்த கற்கள்தான். அதன் வேர் நம் மண்ணில் இல்லை, அமெரிக்காவில் இருக்கிறது. வாயால் அறிக்கையிட்டால் நடக்கும் என்ற போதனைக்கு இ. டபிள்யூ. கென்யனும் (1867–1948) கென்னத் ஹேகினும் (1917–2003) வழிவகுத்தார்கள். விதைத்தால் அறுக்கலாம் என்ற காணிக்கைப் பேச்சைப் பரப்பியவர்களில் பெரியவர் ஓரல் ராபர்ட்ஸ். 3 யோவான் 2 அவருக்கு 1947-இல் திருப்புமுனையான வசனம். "நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்" என்பது, நாம் கடிதத்தில் "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதுவோமே, அந்த இடத்தில் வரும் வாழ்த்து. மாற்கு 10:30-இன் "நூறத்தனை" அடிக்கடி மேற்கோளாக வரும். அதே வாக்கியத்தில் இருக்கும் "துன்பங்களோடேகூட" வராது. பவுல் காணிக்கைக்கு விதை உவமையைச் சொன்னது உண்மைதான், 2 கொரிந்தியர் 9-இல். அதை மறைக்கக்கூடாது. ஆனால் அந்தப் பணம் எருசலேமின் ஏழைகளுக்குப் போனது, பவுலுக்கு அல்ல. ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடி அதைக் கொண்டுபோகச் சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் கூட அனுப்பினார் (2 கொரி. 8:19–21). தசமபாகம் பற்றி மல்கியா 3:10 மட்டும் கேட்டிருப்பீர்கள். உபாகமம் 14:28–29-ஐ எடுத்துப் பாருங்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாகும்படி ஊருக்குள்ளேயே வைக்கப்பட வேண்டும். மோசேயின் சட்டப்படி உங்கள் அம்மா வாங்குகிற வரிசையில் நிற்க வேண்டியவர்.

இது பெந்தெகொஸ்தே சபைகளின் மீது மற்றவர்கள் வைக்கும் பழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தப் போதனையைக் கடுமையாக எதிர்த்து எழுதிய வேதாகம அறிஞர்களில் ஒருவரான கோர்டன் ஃபீ, அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபையின் ஊழியராக இருந்தவர். 2008-லும் 2009-லும் கானாவின் அக்ரோபோங் என்ற ஊரில் கூடிய ஆப்பிரிக்க இறையியலாளர்கள், ஏழைகளின் ஏக்கத்தில் இந்தச் செழிப்புப் போதனை எப்படிப் பிழைக்கிறது என்று விரிவாகவே அறிக்கை எழுதினார்கள்.

பணத்தைப் பற்றி ஆதிச் சபைக்கு எவ்வளவு கூர்மையான மூக்கு இருந்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு. "டிடாக்கே" என்று ஒரு பழைய கையேடு இருக்கிறது, பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்பார்கள். முதல் நூற்றாண்டின் கடைசி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று பெரும்பாலோர் கணிக்கிறார்கள். நெடுங்காலம் காணாமல் கிடந்து, 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பிரியென்னியோஸ் என்ற ஆயரின் கண்ணில் பட்டது. ஊர் ஊராக வரும் ஊழியர்களைச் சபை எப்படி நடத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. வந்தால் கர்த்தரை ஏற்பதுபோல் ஏற்றுக்கொள். ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த இடம் சேரும்வரை அப்பம் கொடு. பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியில் இருந்துகொண்டு "எனக்குப் பணம் கொடு" என்று சொல்கிறவனுக்குச் செவிகொடாதே, இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அவனை ஒருவனும் நியாயந்தீர்க்க வேண்டாம். ஆவியில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து சாப்பிடுகிறவனும் கள்ளன்தான் என்கிறது! எத்தனை சாப்பாட்டு ராமன்களைப் பார்த்து நொந்த சபை இதை எழுதியிருக்கும். இந்த நூல் வேதாகமம் அல்ல, அதன் விதிகளை அப்படியே சட்டமாக்க வேண்டியதும் இல்லை. அதே கையேடு உண்மையான தீர்க்கதரிசிக்கு முதற்பலனைக் கொடுக்கவும் சொல்கிறது. ஊழியருக்குச் சம்பளம் கொடுப்பது தவறென்று நான் சொன்னால் நான் இத்தனை ஆண்டு சாப்பிட்டதே தவறாகிவிடும்.

இன்னொரு சம்பவம். கருங்கடல் கரையின் சினோப் பட்டணத்துக் கப்பல் முதலாளி மார்சியன், ரோமாபுரிச் சபையில் சேர்ந்தபோது 2,00,000 செஸ்டர்ஸ் நாணயம் கொடுத்தார், பெரிய தொகை. பிறகு அவர் பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று போதித்தார். கி.பி. 144 வாக்கில் சபை அவரை வெளியேற்றியது, பணத்தையும் திருப்பிக் கொடுத்தது என்று ஆதிச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார். அம்மா பணம் அனுப்பும் ஊழியத்துக்கு நீங்களும் ஒரு கடிதம் எழுதி, உங்கள் கணக்கு யாரால் தணிக்கை செய்யப்படுகிறது, அதைப் பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் வருகிறதா, எந்தத் தொனியில் வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். பவுல் கள்ளப் போதகர்களைப் பற்றித் "தேவவசனத்தைக் கலப்பாய்ப் பேசுகிறவர்கள்" என்று சொல்லும்போது (2 கொரி. 2:17) மூலத்தில் இருக்கும் சொல், சில்லறை வியாபாரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வருகிறது. திராட்சரசத்தில் தண்ணீர் கலந்து விற்கிறவர்கள் என்று அவர்களுக்கு அந்தக் காலத்தில் பெயர். பாலில் தண்ணீர் கலப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்க்கதரிசனத்துக்கு மோசே இரண்டு அளவுகோல் கொடுத்தார். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை (உபா. 18:22). இதைப் பலர் அறிவார்கள். மற்றது உபாகமம் 13: சொன்ன அடையாளம் நடந்தாலும், வேறே தேவர்களைப் பின்பற்றுவோம் என்று அவன் இழுத்தால் கேட்கக்கூடாது. ஆகவே "அவர் சொன்னது அப்படியே நடந்ததே" என்பது மட்டும் சாட்சியாகாது. நடக்காமல் போனதை யாரும் எண்ணி வைப்பதும் இல்லை. அதோடு, தவறாகத் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள் எல்லாரும் மோசக்காரர்கள் அல்ல. பிராமணக் குடும்பத்தில் பிறந்து, கேரளத்தில் ஆங்கிலிக்கன் குருவானவரான யுஸ்துஸ் யோசேப்பு அருமையான பாடலாசிரியர். மலையாளச் சபைகள் அவர் பாடல்களை இன்றும் பாடுகின்றன. 1870-களின் எழுப்புதலில் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1881-இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார்கள். அந்த ஆண்டு வந்தது, போனது. அவருடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. அந்த நாளைப் பிதாவைத் தவிர ஒருவனும் அறியான் என்ற மாற்கு 13:32-ஐ அவர் நூறு முறையாவது பிரசங்கித்திருப்பார். உண்மையான பக்தியுள்ளவர் தவறாகப் போதிக்க முடியும் என்பதால்தான் ஆளைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது என்கிறேன்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இளம் வயதில், ஒரு கிராமத்துச் சிறு சபையின் போதகர் திரித்துவத்தைத் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று விளக்கியதைக் கேட்டு, அது ஒரே ஆள் மூன்று வேஷம் போடுகிற பழைய வேதப்புரட்டு என்று பொதுக்கூட்டத்திலேயே சொல்லிவிட்டேன். இலக்கணப்படி நான் சொன்னது சரி. 1916-இல் அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையே அந்தக் கேள்வியில்தான் பிளந்தது. ஆனால் அந்த மனிதர் அதைப் படித்தது ஓய்வுநாள் பள்ளியில், எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில்! பிதாவையும் குமாரனையும் வேறுபடுத்தித்தான் அவர் ஜெபித்தார். அவருக்குச் சொல் போதவில்லை, அவ்வளவுதான். எனக்குத்தான் நிதானம் போதவில்லை. பிறகு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி காப்பி கொடுத்தார், அவர் கடைசிவரை என்னை "ஐயர்" என்றே மரியாதையாகக் கூப்பிட்டார்.

அதிலிருந்து நான் மூன்று அடுக்காகப் பிரிக்கப் பழகினேன். இயேசு யார், அவர் மெய்யாகவே மனிதரானாரா, மரித்து உயிர்த்தாரா, இரட்சிப்பு கிருபையா கூலியா என்பவை நடு. அங்கே கை வைத்தால் அது வேறொரு சுவிசேஷம், வானத்துத் தூதன் சொன்னாலும் ஏற்க முடியாது என்று கலாத்தியர் 1:8 சொல்கிறது. குழந்தை ஞானஸ்நானமா முழுக்கு ஞானஸ்நானமா, அந்நியபாஷை, நகை, ஓய்வுநாள் போன்றவற்றில் நானும் ஒரு பக்கம் நிற்கிறேன், வாதாடுவேன். ஆனால் எதிர்ப்பக்கத்தாரைக் கள்ளப் போதகர் என்று அழைக்க மாட்டேன். நம் ஊரில் அந்தப் பட்டம் பெரும்பாலும் இந்த இரண்டாம் அடுக்குச் சண்டைக்குத்தான் செலவாகிறது. மூன்றாவது, வார்த்தை மட்டும் சறுக்கியவை. எந்தப் போதனை எந்த அடுக்கு என்பதில் எல்லாரும் ஒத்துப்போவதில்லை. செழிப்புப் போதனையை நான் நடுவுக்கு மிக அருகில் வைக்கிறேன், அது கிருபையைக் கொடுக்கல் வாங்கலாக்குவதால். என்னைவிட மென்மையாகப் பார்க்கும் நல்லவர்களும் உண்டு.

சரியான உபதேசத்தைத் தவறான வசனத்தால் காப்பதும் வேண்டாம். நம் பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5:7-இல் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி "இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்று இருக்கும். திரித்துவத்தை மறுக்கிறவர்களிடம் நம் ஆட்கள் முதலில் எடுப்பது அதைத்தான். பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி இல்லை. அறிஞர் எராஸ்மஸ் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பதிப்புகளிலும் இல்லை, 1522-இல்தான் சேர்த்தார். யோவான் 1-ஆம் அதிகாரமும் 20:28-இல் தோமாவின் அறிக்கையும் இருக்கும்போது அந்த வரி நமக்குத் தேவையும் இல்லை.

"கனிகளினாலே அவர்களை அறிவீர்கள்" என்பதைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடிந்தது குறைவு. கனி என்பது நடத்தையா, போதனையின் விளைவா என்பதில் உரையாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. எதுவானாலும் கனி காய்க்கக் காலம் வேண்டும், கிட்டே போய்ப் பார்க்கவும் வேண்டும். திரையில் அது தெரியாது. உள்ளூர்ப் போதகர் தன் மனைவியிடம் எப்படிப் பேசுகிறார், கடன் வாங்கினால் திருப்புகிறாரா என்று ஊருக்கே தெரியும். யூடியூப் ஊழியரைப் பற்றி வெளிச்சம் எவ்வளவு பிரகாசம் என்பது மட்டும்தான் தெரியும்.

கடைசியாக அம்மா. வாதத்தில் ஜெயிக்கப் போகாதீர்கள். அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு ஜெபத்துக்குப் பிறகு சபையிலிருந்து அவரைப் பார்க்க எத்தனை பேர் வந்தார்கள்? அந்த ஊழியர் தினமும் காலை ஐந்து மணிக்கு "மகளே" என்று கூப்பிடுகிறார். அந்த இடத்தை வெறுமையாக்கிவிட்டுச் சும்மா இருந்தால், அம்மா அடுத்த சேனலைத் தேடுவார். ஊரிலுள்ள ஆயரிடமோ, அம்மா மதிக்கும் ஒரு மூத்த சகோதரியிடமோ சொல்லி வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் தினமும் இரவு குடும்ப ஜெபத்துக்குப் போனில் சேர்ந்துகொள்ளுங்கள். எரேமியா 28-ஆம் அதிகாரத்தில் தொடங்கி அம்மாவையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், ஒரு நாளுக்குப் பத்து வசனம் போதும். அந்த ஊழியரின் பெயரை நீங்கள் எடுக்க வேண்டாம். 29:8-க்கு வரும்போது அம்மா நிறுத்தினால், நீங்களும் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். நிறுத்தாமல் வாசித்துப் போனால் போகட்டும், மறுநாள் மற்ற வசனங்களை வாசியுங்கள்.